யாருடைய வீடு?

மாமல்லபுரம் போகும் குடும்பங்கள் பல முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவிலும் இறங்குகின்றன. 1996இல் திறந்த அருங்காட்சியகம். பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். நிறுவியவர் டெபோரா தியாகராஜன், ஒரு பெண்.

ஆனால் வீடுகளை அறிவது எதை வைத்து? நெசவாளர் வீடு, குயவர் வீடு, வணிகர் வீடு. 'அர்' விகுதி இருபாலுக்கும் பொது என்று இலக்கணம் சொல்லும். மனதில் எழுவதோ ஆண். தறியில் அவர் உட்காரும் முன் நூலைப் பிரித்துத் தார் சுற்றியவள் யார்? பல ஊர்களில் சக்கரத்தைத் தொடவிடாமல் மண் பிசைய மட்டும் விட்டது யாரை?

செட்டிநாட்டு வீட்டு முகப்பில்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அடுக்களைகளில் புகையில்லை, கரியில்லை, இடுப்புவலியில்லை. துடைத்துவைத்த அடுப்பு அழகாகத்தான் இருக்கிறது. அங்கே எழுதப்படாத விளக்கக்குறிப்பு, "எங்க பாட்டி வீடு மாதிரியே இருக்கு" என்று பிள்ளைகளுக்குக் காட்டும் அம்மாக்களிடம் இருக்கிறது. அவர்கள் விடியுமுன் எழுந்து கட்டிய புளிசாதம் காரில் இருக்கிறது.