மீட்டருக்குக் கீழே

பயணக் கட்டுரைகள் வாசிக்கிற யாருக்கும் ஒரு வரி பழக்கமாக இருக்கும்: ‘டாக்சி ஓட்டுநர் சொன்னார்.’ விமான நிலையத்தில் இறங்கி விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த நகரத்தின் அரசியல், விலைவாசி, ஜனங்களின் மனநிலை எல்லாம் எழுத்தாளர் கைக்கு வந்துவிடும். எல்லாம் முன்சீட்டிலிருந்து வந்த சரக்கு. சொன்னவருக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. அவர் அங்கே ஆள் இல்லை, ஊர். ஊர் பேசுது, நாம பின்சீட்டுல உட்கார்ந்து குறிப்பெடுக்கிறோம். வாடகையோடு கதையும் சேர்த்தி என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்க எனக்கு உதவிய படம் ஜிம் ஜார்முஷின் ‘நைட் ஆன் எர்த்’. 1991இல் வந்தது. ஐந்து நகரங்கள், ஒரே இரவு, ஐந்து டாக்சிகள்: லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், பாரிஸ், ரோம், ஹெல்சிங்கி. சுவரில் ஐந்து கடிகாரங்கள் வெவ்வேறு நேரம் காட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து கேமரா உள்ளே போகும். யாரோ ஏறுவார்கள், பேசுவார்கள், இறங்குவார்கள். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு டாக்சியிலும் படம் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறது: இந்த வண்டியில் யார் ஊர்க்காரர், யார் விருந்தாளி?

நியூயார்க் பகுதியை எடுத்துக்கொள்வோம். யோயோ என்ற கறுப்பின இளைஞனுக்கு மன்ஹாட்டனிலிருந்து புரூக்ளினுக்குப் போக வேண்டும். கையில் பணத்தை எடுத்துக் காட்டியும் ஒரு டாக்சியும் நிற்பதில்லை. நகரத்தின் ஐந்து பகுதிகளுக்குள் எங்கே கூப்பிட்டாலும் மஞ்சள் டாக்சி வரமாட்டேன் என்று சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. விதி விதியாக இருந்தது, வண்டி நிற்கவில்லை. மன்ஹாட்டனுக்கு வெளியே டாக்சி கிடைப்பதில்லை என்பதற்காகவே பச்சை நிற டாக்சிகளை அந்த நகரம் 2013இல் கொண்டுவந்தது என்றால், யோயோவின் பிரச்சினை எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் நிற்கிற வண்டியை ஓட்டுவது ஹெல்முட். கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த முன்னாள் சர்க்கஸ் கோமாளி. ஊரும் தெரியாது, வண்டி ஓட்டவும் தெரியாது. பிரேக்குக்கு ஒரு கால், ஆக்சிலேட்டருக்கு ஒரு கால். பத்தடி போவதற்குள் வண்டி பத்துமுறை குலுங்கும். பொறுக்க முடியாமல் யோயோ அவரை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டுத் தானே ஓட்டுகிறான். இது நகைச்சுவைக்காக வைத்த காட்சி மட்டுமல்ல. ஊர்க்காரனான யோயோவை அவன் ஊர் டாக்சிகள் ஏற்றிக்கொள்ளவில்லை. ஏற்றிக்கொண்டது ஊர் தெரியாத ஒருவர். புரூக்ளினில் இறங்கும்போது பணத்தை எண்ணிப் பார்க்கச் சொல்லி யோயோ அவரிடம் கத்துகிறான். பணம் தேவை, ஆனால் முக்கியமில்லை என்கிறார் ஹெல்முட். ஏமாந்துவிடப் போகிறாரே என்ற பயம் அவருக்கு இல்லை, பயணிக்குத்தான். பிறகு அவர் தனியாகத் திரும்பி வழி தவறுகிறார். அந்த ஊரின் குரலாக அவரை யாராலும் மேற்கோள் காட்ட முடியாது.

பாரிஸில் ஜார்முஷ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஓட்டுநர் ஐவரி கோஸ்ட்காரன். அவனை நக்கல் செய்த இரண்டு பயணிகளை அப்போதுதான் இறக்கிவிட்டிருக்கிறான். அடுத்து பார்வையற்ற ஒரு பெண் ஏறுகிறாள். இனி தொல்லை இல்லை என்று நினைக்கிறான். ஆனால் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அவள்தான் சொல்கிறாள். சினிமா பார்ப்பீங்களா, நிறம்னா உங்களுக்கு என்னன்னு தெரியும் என்றெல்லாம் இவன் கேள்விகளை அடுக்குகிறான். சுற்றுலாப் பயணி டாக்சி ஓட்டுநரிடம் கேட்பது மாதிரியே இருக்கின்றன அந்தக் கேள்விகள்: ஆர்வம்தான், கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் எதிராளியை ஒரு காட்சிப்பொருளாக்கிவிடுகிற ஆர்வம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன்னிடம் ‘நீ எந்த நாடு’ என்று கேட்டபோது எப்படி இருந்தது என்பதை அவன் மறந்துவிடுகிறான்.

இறங்கும்போது அவன் மீட்டர் காட்டுவதைவிடக் குறைவான தொகையைச் சொல்கிறான். அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் போகிறாள். மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க என்று கேட்கிற ஆட்டோக்காரரை நமக்குத் தெரியும். அவரோடு சண்டை போடலாம், பேரம் பேசலாம். இரண்டு பேரும் சமம் என்பதால்தான் அந்தச் சண்டையே நடக்கிறது. மீட்டருக்குக் கீழே கேட்பவரை என்ன செய்வது? அந்தக் குறைந்த தொகையில் ‘நீ பாவம்’ என்ற வார்த்தை இருக்கிறது. அவள் திருப்பிக் கொடுப்பது அதைத்தான்.

படத்தில் எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. ரோம் பகுதியில் ரோபர்டோ பெனீனி பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பாதிரியாரிடம் தன் லீலைகளை நிறுத்தாமல் கொட்டுகிறார். பாதிரியார் செத்தே போகிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் அங்கே இரண்டாவது ஆளே இல்லை. வெறும் கச்சேரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஐரோப்பாவில் ஜார்முஷும் ஒரு விருந்தாளிதான். ஹெல்சிங்கி டாக்சியில் ஓட்டுநர் பெயர் மிகா, தூங்கிவிட்ட பயணியின் பெயர் அகி. ஃபின்லாந்தின் இயக்குநர்கள் மிகா கௌரிஸ்மாகி, அகி கௌரிஸ்மாகி சகோதரர்களின் பெயர்கள். மிகாவாக நடிப்பது அகியின் படங்களில் தொடர்ந்து நடித்த மத்தி பெல்லோன்பா. அதாவது ஜார்முஷ் ஹெல்சிங்கிக்கு அதன் சினிமா வழியாகப் போயிருக்கிறார். ரசித்த ஊருக்கு ரசிகனாகப் போவது. அதில் அன்பு இருக்கிறது, ஊர் கொஞ்சம் குறைவாக இருக்கிறது.

இருந்தும் படத்தின் மிகக் கூர்மையான இடம் ஹெல்சிங்கிதான். வேலை போய், குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கிறான் அகி. அவனைப் போல துரதிர்ஷ்டசாலி உலகத்தில் உண்டா என்று கூட வந்த இரண்டு நண்பர்கள் புலம்புகிறார்கள். மிகா தன் கதையைச் சொல்கிறார்: குறைமாதத்தில் பிறந்து இறந்துபோன குழந்தையின் கதை. பயணக் கட்டுரையாளர்கள் தேடி அலைகிற கதை இதுதான். நண்பர்கள் அழுகிறார்கள், மிகாவை அணைத்துக்கொள்கிறார்கள். பிறகு, இதுக்கு முன்னால அகியோட கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமா என்று அவனை விட்டுவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். முன்சீட்டிலிருந்து வந்த சோகம் பக்கத்திலிருந்த சோகத்தைத் தள்ளிவிடுகிறது. விடியற்காலையில் பனித் தரையில் அகி தனியாக உட்கார்ந்திருக்கிறான். கேட்டு அழுவதைக் கருணை என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் காட்சி இன்னும் உறுத்துகிறது.

இன்றைக்கு இந்தப் படத்தை எடுக்க முடியாது. செயலியில் முகவரி போடுகிறோம், வாடகை முன்கூட்டியே தெரிகிறது, ஓட்டுநரும் நாமும் ஒரே நீலக் கோட்டைப் பின்தொடர்கிறோம். வழி சொல்ல யாரும் தேவையில்லை, எண்ணிப் பார்க்கப் பணமும் இல்லை. ஏமாற்றப்படுவோம் என்ற பயம் குறைந்தது நல்லதுதான்; குறிப்பாக இரவில் தனியாக இறங்குகிற பெண்ணுக்கு. ஆனால் ஓட்டுநருக்குப் பெயரும் படமும் நட்சத்திரமும் கிடைத்த பிறகும் நம் கட்டுரையில் அவர் ‘ஓட்டுநர் சொன்னார்’ ஆகவே இருக்கிறார். அவரும் பெரும்பாலும் அந்த ஊருக்கு நேற்று வந்தவர்தான் என்று நமக்குத் தோன்றுவதில்லை. அடுத்தமுறை புது ஊரில் டாக்சியில் ஏறும்போது ஊரைப் பற்றி அவரிடம் கேட்பதற்கு முன்னால், நீங்க எப்போ வந்தீங்க என்று கேட்கலாம். அவருக்கும் அதே கேள்வியை நம்மிடம் கேட்க உரிமை உண்டு. சொல்ல விருப்பமில்லை என்றால் இரண்டு பேரும் பேசாமல் போகலாம். வாடகையைச் சரியாகக் கொடுத்துவிட்டு இறங்கினால் போதும்.