மூழ்கிய கப்பலில் யாருக்குப் பங்கு?

இலங்கையின் வடக்கே, சுருவில் கிராமம் இருக்கும் தீவின் துறைமுகம் ஊர்காவற்றுறை. அங்கே உடையும் கப்பல்களுக்கு 12ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் இருந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள, மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அதைச் சொல்கிறது: யானை, குதிரை கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு, வணிகச் சரக்கானால் சரிபாதி. கடலில் எல்லாம் இழந்து கரையேறியவனிடம் எஞ்சியதை முழுதும் பறிக்காத நெறி அது.

இன்று சிலிண்டர் கட்டி மூழ்குவோர் காணும் பழங்கப்பல்களுக்கு உரிமை கோரிவரும் உடையவர் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் அந்த முழுக்கின் நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நன்மை பெரிது. அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாயாக் கடலில், ஏறத்தாழ 33 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் 2000 ஆண்டுப் பழமையான கப்பலை 2003இல் கண்டவர்கள் சங்கு குளிக்கப் போனவர்கள். அவர்கள் கொண்டுவந்த அம்மி போன்ற கல்தான் ஆய்வாளர்களை அங்கே இறக்கியது. கண்ணாடிக் கட்டிகளும் இரும்பும் தெரியவந்தன. கப்பலின் மரம் தப்புவது கடலைப் பொறுத்தது. பால்டிக் கடலில் கப்பற்புழு வாழ முடியாததால், 1628இல் மூழ்கிய சுவீடனின் வாசா கப்பல் 333 ஆண்டு கழித்தும் முழு உருவோடு எழுந்தது. நம் வெதுவெதுப்பான கடலில் மணல் மூடாத மரத்தைப் புழு தின்றுவிடும். எஞ்சுவது சரக்கும் அது கிடக்கும் ஒழுங்கும்தான்.

தீமையும் அங்கேயே தொடங்குகிறது. 30 மீற்றருக்குக் கீழே சாதாரணக் காற்றோடு இறங்கியவர் அதிக நேரம் தங்காமல் மேலேறத் தொடங்க வேண்டும். இல்லையேல், இடையிடையே நிற்காமல் மேலேறும்போது, இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைதரசன் குமிழாகி முடக்கிவிடலாம். அந்த அவசரத்தில் அளந்து வரைய நேரமில்லை, எடுத்துக்கொள்ளவே நேரமிருக்கிறது. 1961இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன் இலங்கையின் தென்கிழக்கே பெரிய பாசுப் பாறையருகே கண்ட கப்பலிலிருந்து சூரத் நாணயச்சாலையின் வெள்ளி ரூபாய்கள் மேலே வந்தன. காசு எங்கே அடிக்கப்பட்டது என்று தெரிந்தது. கப்பலின் பெயர் தெரியவில்லை.

மூழ்கிய மரபுக்கான 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை, பொருளை இருந்த இடத்திலேயே காப்பதை முதல் வழியாகச் சொல்கிறது. சரியான நெறி, ஆனால் கடலடியில் காவலுக்கு யார் நிற்பது? தண்டனையை மட்டும் காட்டும் சட்டம், கண்டவரை வாய்மூட வைக்கும். அல்லைப்பிட்டியில் சொங் காலச் சீன மட்பாண்டங்கள் கிடைத்த, ஊர்காவற்றுறை இருக்கும் இந்தத் தீவைச் சுற்றிய கடலை நன்கறிந்தவர்கள் நம் மீனவர்களும் சங்கு குளிப்பவர்களும். அவர்களுக்கு அளக்கவும் படமெடுக்கவும் பயிற்சி வேண்டும், கண்டு சொன்னதற்குக் கூலி வேண்டும், ஏட்டில் பெயர் வேண்டும். உடையவனை மறக்காத அந்தக் கல்வெட்டின் நெறியை இன்று கண்டவருக்கு நீட்டினால், கப்பல் கிடந்த இடத்தில் கிடக்கும்.