குறியெண் வரிசையும் அகரவரிசையும்

தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைப் பைத்தான் நிரலிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், 'பகல்' வந்த பிறகுதான் 'பக்கம்' வரும். 'பள்ளம்' முன்னால் நிற்க, 'பழம்' பின்னால் போகும். 'கரி'யை முந்திக்கொண்டு 'கனி' வந்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டினால், மூன்றுமே இதற்கு நேர்மாறாக இருக்கும்.

நிரல் எழுத்துகளைப் பார்ப்பதில்லை, அவற்றின் யூனிகோடு எண்களை, அதாவது குறியெண்களை, மட்டுமே பார்க்கிறது. 'க்' என்ற எழுத்துக்கு யூனிகோடில் தனி எண் கிடையாது. 2965 என்ற எண்ணுள்ள க-வை அடுத்து 3021 என்ற எண்ணுள்ள புள்ளி வந்தால் அது 'க்'. இனி 'பகல்', 'பக்கம்' இரண்டையும் பொருத்திப் பாருங்கள். முதல் இரண்டு இடங்களில் ப, க என ஒத்துப்போகின்றன. மூன்றாம் இடத்தில் 'பகல்' சொல்லில் ல, அதன் எண் 2994. 'பக்கம்' சொல்லில் புள்ளி, 3021. சிறிய எண் முந்துகிறது. மெய்க்குப் பிறகே உயிர்மெய் என்ற நம் முறை அங்கேயே கவிழ்ந்துவிடுகிறது.

மற்ற இரு குழப்பங்களுக்கும் காரணம் வேறு. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பு, இந்திய எழுத்துகளை இஸ்கி என்ற இந்தியத் தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை ஒட்டி அடுக்கியது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அந்தச் சட்டத்தில் ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, ல-வை அடுத்து ள, ழ. வ, ழ, ள, ற, ன என்று முடியும் தமிழ் வரிசைக்கு அதில் இடமில்லை.

இருந்தும் குறியெண் முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. யுடிஎஃப்-8 வடிவில் சேமித்த இரண்டு சொற்களைப் பைட் பைட்டாக ஒப்பிட்டாலே போதும், குறியெண் வரிசை கிடைத்துவிடும். இதைவிட மலிவான ஒப்பீடு இல்லை. அதைவிடப் பெரிய பலம், அது மாறாது என்பது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2018-இல் வந்த 2.28ஆம் பதிப்பில் தன் மொழிவாரி வரிசை விதிகளைப் புதுப்பித்தது. பழைய விதிப்படி கட்டியிருந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் தேடல் அட்டவணைகள் பல இடங்களில் குலைந்தன. இருக்கும் பதிவையே தரவுத்தளம் இல்லை என்று சொல்லும் நிலை வந்தது. ஒரு பதிவு இருக்கிறதா இல்லையா என்று தேடுவதற்கு மட்டும் வரிசை தேவையென்றால், நான் தயங்காமல் குறியெண்ணையே தேர்வேன். மனிதர் கண்ணுக்குப் போகும் பட்டியலில்தான் அது குற்றமாகிறது. நூலகப் பட்டியலிலும் பெயர்ப் பட்டியலிலும் நாம் விரலை ஓட்டித் தேடுகிறோம். இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லையென்றால், பெயரே இல்லை என்று முடிவுகட்டி நகர்ந்துவிடுகிறோம்.

இன்னொரு குறையை நிரலர்கள் பலர் கவனிப்பதே இல்லை. 'கொ' என்ற எழுத்தை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. குறியெண் முறைக்கோ இவை வெவ்வேறு சொற்கள். ஒரே 'கொடி' பட்டியலில் இரண்டு இடங்களில் வரும். வரிசைப்படுத்தும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் இது தீராது.

தமிழ் வரிசை வேகத்தைக் கெடுக்கும் என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். அதை நான் ஏற்கவில்லை. ஒரு லட்சம் சொற்களை வரிசைப்படுத்த ஏறத்தாழ 15 முதல் 17 லட்சம் ஒப்பீடுகள் தேவை. ஒவ்வொரு ஒப்பீட்டிலும் இரண்டு சொற்களையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து அலசினால், 30 லட்சம் முறைக்கு மேல் அதே வேலை நடக்கும். மெதுவாகத்தான் ஓடும். ஆனால் அது எழுதிய விதத்தின் குறை. சொல்லுக்கு ஒருமுறை மட்டும் எழுத்துகளைப் பிரித்து, அ முதல் ன் வரையான தமிழ் முறைப்படி ஒவ்வொன்றுக்கும் வரிசையெண் கொடுத்து ஒரு திறவை, அதாவது ஒப்பிட உதவும் எண் தொடரை, உருவாக்கிவிட்டால், அலசல் ஒரு லட்சத்தோடு முடிந்துவிடும். மீதியெல்லாம் வெறும் எண் ஒப்பீடு. பைத்தானில் 2004 முதலே இதற்கு வசதி உண்டு.

2010-இல் தமிழக அரசு ஏற்ற டேஸ்16 குறியாக்கம், எழுத்துக்கே வரிசைப்படி எண் கொடுத்து இந்த வரிசைச் சிக்கலை அடியிலேயே தீர்க்க முயன்றது. எண்ணம் சரியானது. ஆனால் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இடம்பிடித்ததால், அதற்கென்று எழுத்துரு இல்லாத கருவிகளில் படிக்க முடியாமல் போனது. சேமிப்பு யூனிகோடிலேயே இருக்கட்டும், திறவைத் தரவுத்தளத்தில் தனிப் பத்தியாக வைத்து அதற்குத் தேடல் அட்டவணை கட்டலாம் என்பது என் கருத்து. சற்றே கூடுதல் இடம் பிடிக்கும். சொல்லைத் திருத்தும்போதெல்லாம் திறவையும் திருத்த வேண்டும். எழுத்து வரிசை நம் கையிலேயே இருப்பதால், இயங்குதளத்தின் புதுப்பிப்பு எதுவும் அந்த அட்டவணையைக் குலைக்காது.