ஆற்றை அளந்த எண்

ஆற்று நீரைப் பங்கிட்ட கணக்கு இலக்கியச் சஞ்சிகைக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். எண்களும் எழுத்தைப் போலவே யாரோ சிலரின் நலன் கருதி எழுதப்படுவன என்பதை எரிக் கூன், ஜோன் பிளெக் ஆகிய இருவரும் 2019இல் வெளியிட்ட ‘சயன்ஸ் பி டாம்ட்’ என்ற ஆங்கில நூல் காட்டுகின்றது. அதனாலேயே அதனை இங்கு எடுத்துக்கொண்டேன்.

கொலராடோ ஆற்றை ஐக்கிய அமெரிக்காவின் ஏழு மாநிலங்களும் மெக்சிக்கோவும் நம்பியுள்ளன. 1922ஆம் ஆண்டு உடன்படிக்கை மேற்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆண்டொன்றுக்குத் தலா 75 இலட்சம் ஏக்கர் அடி நீரை ஒதுக்கிற்று. 1944இல் மெக்சிக்கோவுக்கு மேலும் 15 இலட்சம் வாக்களிக்கப்பட்டது. ஆக 165 இலட்சம். 2000ஆம் ஆண்டின் பின்னர் ஆறு சராசரியாகத் தந்ததோ ஏறத்தாழ 125 இலட்சமே.

மழை மிகுந்த ஆண்டுகளின் கணக்கே அன்று கையிலிருந்தது, அறியாமையால் நேர்ந்த பிழை என்பதே நெடுங்காலமாகக் கூறப்பட்ட சமாதானம். நூலாசிரியர்கள் அதனைத் தகர்த்துவிடுகிறார்கள். ஆற்றில் அவ்வளவு நீர் இல்லையென அரசாங்க நீரியலாளர் லரூ 1920களிலேயே எச்சரித்தார். கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. பழைய அறிக்கைகளைக் கொண்டு இதனை நிறுவும் பகுதிகளே நூலின் உயிர். பெரிய எண் அணை கட்ட விழைந்தோருக்கும் நிலம் விற்க விழைந்தோருக்கும் வாக்குத் தேடியோருக்கும் ஒருங்கே உவப்பாயிருந்தது.

ஆயினும் எனக்கொரு மனக்குறை உண்டு. கூன் மேற்குக் கொலராடோவில் நெடுங்காலம் நீர் நிர்வாகியாயிருந்தவர். பங்கீட்டு மேசையைச் சுற்றி அமர்ந்தோரை நன்கறிந்தவர். அதனாலோ என்னவோ, சரியான எண்ணை ஏற்றிருந்தால் யாவும் செவ்வையாயிருக்கும் என வாசகர் எண்ண நூல் இடமளிக்கின்றது. எண் மாறினாலும் மேசை அதே மேசைதானே!

‘பெருகிவரும் தேவை’ என்ற சொற்றொடரையும் இவ்வாறே ஐயுறவேண்டும். லாஸ் வேகாஸ் நகரம் 2002இன் பின்னர், மக்கள்தொகை பெருகியபோதும், ஆற்றிலிருந்து எடுக்கும் நீரைக் குறைத்துக் காட்டிற்று. மக்கள் எடுத்துப் பயன்படுத்தும் நீரிற் பெரும்பங்கு வயல்களுக்கே செல்கின்றது. அங்கும் மாட்டுத் தீவனப் புல்லுக்கே முதலிடம். தேவை எனப்படுவது எல்லோருடைய தாகமுமன்று.

படுகையில் வாழும் பூர்வகுடிகளை 1922ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. அவர்களுக்கு நீருரிமை உண்டென்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 1908இலேயே ஏற்றிருந்தும், மேசையில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. நவஹோ மக்களின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றிலொன்றுக்கு இன்றும் குழாய்நீர் இல்லை. அவர்களுக்கு நீர் பெற்றுத்தர அரசு முனைந்து செயற்படவேண்டிய கடப்பாடில்லையென அதே நீதிமன்றம் 2023இல் ஐந்துக்கு நான்கு என்ற வாக்குகளால் தீர்த்தது.