வரலாற்று நாவல்களும் ஈழத்து வாசகரும்

கதை கேட்கும் ஆவல் மக்கட் குலத்தோடு உடன்பிறந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் கேட்டுப் பழகியோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். சூரபன்மனுடைய முடிவு யாது என்பதை நெடுங்காலமாக அறிந்த முதியோரும், அறியாதார் போன்று மறுநாளும் வந்து அமர்வர். கதை முடிவை அறிவதிலும் பார்க்க, கதை செல்லும் வழியிலே உடன் செல்வதே அவர்க்கு இன்பம். இவ்வியல்பினை நன்குணர்ந்து பயன்படுத்தியவையே தமிழ் வார இதழ்களில் வெளிவந்த தொடர்கதைகள். வாரத்துக்கு ஓர் அதிகாரம் எனப் பல ஆண்டுகள் நீண்ட அக்கதைகள், புராண படனம் கேட்ட செவிகளுக்கு ஒரு புதிய படனமாய் அமைந்தன எனலாம்.

எனினும், கற்றோர் பலர் இவற்றைப் பொழுதுபோக்கு நூல்கள் என ஒதுக்குவர். மாணவரோ பாடநூலின் கீழ் மறைத்து வைத்து இவற்றையே வாசிப்பர். ஒதுக்குவோரும் மறைப்போரும் செய்யாத செயல் ஒன்றுண்டு. அது, இந்நாவல்களைப் பகலிலே மேசை மீது விரித்து வைத்து, இவை தரும் இன்பம் எத்தகையது, அவ்வின்பத்தோடு உள்ளத்துட் புகுவன யாவை என ஆராய்வது. 2022 ஆம், 2023 ஆம் ஆண்டுகளில் மணிரத்தினம் 'பொன்னியின் செல்வ'னை இரு பாகத் திரைப்படமாக்கிய பின்னர், அந்நாவலைத் தேடிப் படிக்கும் இளைஞர் தொகை பெருகியமையால் இவ்வாராய்ச்சி இன்னும் வேண்டப்படுவதாயிற்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்', அகிலனின் 'வேங்கையின் மைந்தன்', சாண்டில்யனின் 'கடல் புறா' ஆகிய மூன்றும் சோழப் பெருவேந்தரின் எழுச்சியையும் கடல்கடந்த வெற்றிகளையும் பொருளாகக் கொண்டவை. இவற்றை அடுத்தடுத்து வாசிக்கும் ஈழத்து வாசகர் ஒருவரின் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகள் யாவை, அவை எவ்வளவிற்கு நியாயமானவை என்பன ஈண்டு நோக்கப்படும்.

முதலில் எழுவது மகிழ்ச்சியே. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களைக் கொண்டது. ஆடிப் பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனைக் கண்ட கணமே வாசகர் அவனோடு புறப்பட்டு விடுகின்றார். அவ்வீரன் பிழை செய்கின்றான்; அகப்பட்டுக் கொள்கின்றான்; பொய் சொல்லித் தப்புகின்றான்; தன்னைத் தானே நகையாடுகின்றான். குற்றமற்ற வீரர்களைக் கண்டு சலித்த வாசகர்க்கு இவன் அண்டை வீட்டு இளைஞன் போலத் தோன்றுவதில் வியப்பில்லை. கைத்தடியோடு சமய வாதம் புரியத் திரியும் ஆழ்வார்க்கடியான் சைவ வைணவப் பிணக்கை நகைச்சுவைக்கு உரியதாக்குகின்றான். அந்நகையில் இரு சமயத்தார்க்கும் நோவு இல்லை. ஆசிரியர் கதையினிடையே வந்து வாசகரை அழைத்துப் பேசுவதும் பயன் சொல்லுவாரின் குரலையே நினைவூட்டுகின்றது.

கல்கியின் ஆற்றல் மிகவும் விளங்கும் இடம் ஆதித்த கரிகாலனின் கொலை. இது கற்பனை நிகழ்ச்சியன்று. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகளான இரவிதாசன் முதலியோரின் நிலங்களைப் பற்றிக் கூறுகின்றது. கொலையைத் தூண்டியவர் எவர் என்பதை அக்கல்வெட்டுச் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் அது பற்றி ஒத்த கருத்தினரல்லர். கல்கியோ நந்தினி என்னும் பாத்திரத்தைப் படைத்து, கடம்பூர் மாளிகையின் இருளில் பலரையும் ஒருங்கு கூட்டி, கொன்ற கை எதுவென்று துணிய முடியாதபடி காட்சியை அமைத்தார். கதை முடிந்தபின் மனக்குறை கொண்ட வாசகர்களுக்கு ஒரு முடிவுரை எழுதவும் நேர்ந்தது. ஆனால், சான்று மௌனமாகும் இடத்திலே நாவலாசிரியரும் மௌனமானது குறையன்று. வரலாற்றுக்குக் காட்டிய மரியாதை என்றே அதனைக் கொள்ளல் வேண்டும்.

இம்மரியாதை எங்கும் ஒரு தன்மையாய் நிலைபெறவில்லை. அருண்மொழிவர்மன் தன் சிறிய தந்தை முறையினனான உத்தம சோழன் அரசை விரும்பியமையால் தான் அதனை விரும்பாதிருந்தான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். அத்தியாகத்தையே கல்கி கதையின் சிகரமாக்கினார். ஆயினும், மதுராந்தகன் என்ற பெயருக்கு இருவரை நிறுத்தி, குழந்தை மாறாட்டம் ஒன்றைப் புகுத்தி, செம்பியன் மாதேவியின் மெய்ப் புதல்வன் வேறொருவன் என முடித்தார். அம்மாதேவியைப் பற்றிய கல்வெட்டுக்களோ அவரை உத்தம சோழனை ஈன்ற தாய் என்றே போற்றுகின்றன. முடியை விட்டுக் கொடுப்பது, பெறுவோன் எளியவனோ செருக்குடையவனோ என நோக்காத விடத்தே அரிய செயலாகும். பெறுவோனைத் தேவாரம் பாடும் சேந்தன் அமுதனாக்கியபோது தியாகத்தின் சுமை குறைந்துவிட்டது. இங்கே கதைச் சுவடு வரலாற்றை மட்டுமன்றிக் கதையின் அறத்தையும் சிறிது நெகிழ்த்தியது.

'சுழற்காற்று' என்னும் இரண்டாம் பாகத்திலே கதை ஈழத்துக்கு வருகின்றது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு செலுத்துகின்றாள். நாகத்தீவு, மாதோட்டம், தம்பளை, அநுராதபுரம் எனப் பழகிய பெயர்கள் ஏடுதோறும் எழுகின்றன. காவிரிக் கரையும் வைகைக் கரையுமே கதைக்கு நிலமாகக் கண்டு வந்த ஈழத்து வாசகர், தம் மண்ணும் கதைக்கு உரியதாயிற்று எனப் பூரிக்கின்றார். சோழ இளவரசன் படைக்கு வேண்டிய உணவை இந்நாட்டு மக்களிடம் பறித்தல் ஆகாது என்கின்றான். சிதைந்த விகாரைகளைப் புதுப்பிக்கின்றான். பிக்குகள் நள்ளிரவிலே இலங்கை முடியை அவன்பால் நீட்ட, வேண்டாமென மறுக்கின்றான். இவை படிக்கும்போது கண்ணீர் மல்கும் இடங்கள்.

அக்கண்ணீர் உலர்ந்தபின் இரண்டாவது உணர்ச்சி தோன்றுகின்றது. அது ஒருவகை நெருடல். முடி மறுத்த அவ்விளவரசனே 985 இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன். அவனுடைய படைகள் ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றின. அநுராதபுரத்தின் தலைமை ஒழிந்து பொலநறுவை சோழரின் தலைநகராயிற்று. அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், 1017 இல், ஐந்தாம் மகிந்தன் உரோகணத்திலே சிறைப்பிடிக்கப்பட்டான். சோழநாட்டிலே பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்து அங்கேயே இறந்தான். விகாரைகளின் தாதுகர்ப்பங்கள் உடைக்கப்பட்டுப் பொன்னும் மணியும் கவரப்பட்டன எனச் 'சூளவம்சம்' சோழர்மீது கடுங் குற்றஞ் சாட்டுகின்றது. கவர்ந்தமையை மறைக்கும் எண்ணம் சோழர்க்கும் இருந்ததில்லை. ஈழத்தரசனின் முடியும் அவன் தேவியரின் முடியும் கொண்டமையை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி வெற்றியாகவே பேசுகின்றது. நாவலின் அருண்மொழிக்கும் வரலாற்றின் இராசராசனுக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியைக் கல்கி நிரப்பவில்லை. அவர் கதை அதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றது என்பது விடையாகலாம்; ஆனால், வாசகர் உள்ளத்திலே தங்கும் படிமம் முன்னதே.

இன்னும் ஒன்று. கடலில் நோயுற்ற இளவரசன் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் மறைந்து வாழ்வதாகக் கல்கி எழுதினார். அவ்விகாரமோ சிறீவிசய அரசரால் இராசராசன் காலத்திலேயே எழுப்பப்பட்டது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அவன் நிவந்தமாக அளித்தமையை லெய்டன் செப்பேடுகள் கூறும். சுந்தர சோழர் காலத்தில் அது இருந்ததாகக் கொள்ளுதல் காலவழு. எனினும், பௌத்தத்தைப் புரந்த சைவ வேந்தன் என்னும் பொது உண்மையை உணர்த்துதற்கு அவ்வழு உதவியது என ஒப்புக்கொள்ளல் தகும்.

1963 ஆம் ஆண்டின் சாகித்திய அக்கடமிப் பரிசைப் பெற்ற 'வேங்கையின் மைந்தன்' இராசேந்திரனைப் பற்றியது. பாண்டியன் இரண்டாம் இராசசிம்மன் சோழர்க்கு அஞ்சி ஈழத்துக்கு வந்து வைத்துச் சென்ற முடியை மீட்பதே கதையின் முதற்பெரு முயற்சி. அதனிடையே கொடும்பாளூர் இளங்கோவுக்கும் மகிந்தனின் மகள் உரோகிணிக்கும் காதல் அரும்புகின்றது. கல்கி தவிர்த்த இடத்திற்கு அகிலன் துணிந்து வந்தார் என்பது அவர் சிறப்பு. தோற்றவன் மகள் தந்தையின் நாட்டிற்கும் தன் உள்ளத்திற்கும் இடையே நின்று தவிக்கும் தவிப்பிலே வென்றவரின் வாள் வாசகர் நெஞ்சிலும் சிறிது பாய்கின்றது. ஆனால், அத்துயரைக் காதலாக்கியதனால் அகிலன் அதனை எளிதாகத் தீரக்கூடிய துயரமாகவும் ஆக்கிவிட்டார். நாட்டை இழந்தவர் இழப்பு ஒரு பெண்ணின் மனமாற்றத்தால் ஈடுசெய்யப்படுவதில்லை. பாண்டியன் முடி சோழர்க்கு ஏன் அத்துணை இன்றியமையாதது என விளக்குவதற்குச் செலவிட்ட ஏடுகளில் ஒரு பகுதியேனும், அதனை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காத்து வைத்தோரின் மனநிலையை விளக்கச் செலவாகியிருப்பின் நூல் இன்னும் உயர்ந்திருக்கும்.

'கடல் புறா'வைப் பற்றி நெடிது உரைக்க வேண்டியதில்லை. 'குமுத'த்தில் தொடராக வந்து மூன்று பாகங்களான இந்நூலின் தலைவன் இளையபல்லவன் கருணாகரன். செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியிலே புகழும் கருணாகரத் தொண்டைமானே இவன். உப்பு ஏற்றுமதிக்காக அத்தொண்டைமான் யாழ்ப்பாணத்துக்கு வந்து ஆற்றினை வெட்டுவித்தமையால் தொண்டைமானாறு பெயர் பெற்றது என்றும், உரும்பிராய்க் கருணாகரப் பிள்ளையார் கோயில் அவன் தொடர்புடையது என்றும் இந்நாட்டு மரபு கூறும். ஆதலால் வாசகர் ஓர் உறவினனைக் காணும் ஆவலோடு நூலைத் திறக்கின்றார். மரக்கலங்களின் அமைப்பு, காற்றின் போக்கு, கடற்போரின் சூழ்ச்சி ஆகியவற்றைச் சாண்டில்யன் விளக்கும் திறன் தமிழ் நாவலுக்குப் புதியது. கடலோடு வாழ்வோர்க்கு மிகவும் இனியது. ஆயின், தலைவன் புதிராக ஒன்று சொல்ல, கேட்டோர் திகைக்க, அதிகாரம் முடியும் உத்தி மீண்டும் மீண்டும் வந்து அலுப்புத் தருகின்றது. பெண்களின் உறுப்பு வருணனை அடிக்கடி வந்து கதையை நிறுத்துகின்றது. யாவற்றினும் மேலாக, இத்தலைவன் தோற்பதே இல்லை. தோல்விக்கு இடமில்லாத போரில் வீரத்துக்கும் இடமில்லை. வந்தியத்தேவனின் பிழைகளை நினைத்து வாசகர் ஏங்குவது இங்கேதான்.

மூன்று நூல்களையும் மூடிவைத்தபின் எஞ்சுவது யாது? நாவலாசிரியர் வரலாற்றாசிரியராதல் வேண்டுமெனக் கேட்பது முறையன்று. நந்தினியும் பூங்குழலியும் மந்தாகினியும் எந்தக் கல்வெட்டிலும் இல்லாதவர்கள். அவர்கள் இன்றி அந்நாவலும் இல்லை. இடர் வேறிடத்தில் உள்ளது. கற்பனைப் பாத்திரத்தைக் கற்பனை என அறிவது எளிது; கற்பனையாய்த் தூய்மை செய்யப்பட்ட ஒரு காலத்தைக் கற்பனை என அறிவது அரிது. நந்தினி உண்மையில் வாழ்ந்தாளா என ஆசிரியரைக் கேட்கும் மாணவன் தன் ஐயத்தைத் தானே உணர்ந்தவன். சோழர் ஈழத்தில் யாது செய்தனர் என்பது தனக்கு ஏற்கனவே தெரியும் என்று எண்ணுபவனே திருத்துதற்கு அரியவன்.

இவ்விடத்தில் ஈழத்து வாசகர்க்கெனத் தனிப்பட்ட ஒரு நிலை உண்டு. வென்றவர் பேசிய மொழி அவருடைய தாய்மொழி. வெல்லப்பட்ட நாடு அவருடைய தாய்நாடு. பெருமிதமும் துயரமும் ஒருங்கே அவருக்கு உரியன. ஒன்றைக் கைவிட்டு மற்றதை ஏற்பின் எளிதாயிருக்கும். ஆயின் அது அரை உண்மையாய் முடியும். சான்றுகளும் அவ்வாறே இரு பக்கமும் நிற்கின்றன. தாதுகர்ப்பங்களை உடைத்தமை பற்றிய ஓலம் ஒருபுறம். திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றுத் தமிழ்க் கல்வெட்டுக்களில் நிவந்தங்களோடு விளங்குவது மறுபுறம். பொலநறுவையில் வானவன் மாதேவி ஈச்சரம் இன்றும் கல்லாய் நிற்கின்றது. 1070 அளவில் அந்நகரைச் சோழரிடமிருந்து மீட்ட முதலாம் விசயபாகுவின் புகழும் அந்நகரிலேயே நிற்கின்றது. இவ்விரண்டினையும் ஒரே பயணத்திற் கண்டு திரும்பும் மாணவனுக்கு எந்த நாவலும் தீங்கு செய்யாது.

ஆகவே, இந்நாவல்களை மாணவர் கையிலிருந்து பறித்தல் வேண்டா. தமிழில் ஆயிரக்கணக்கான பக்கங்களை ஆவலோடு படிக்கும் பழக்கத்தை அவை வளர்த்தன. அது சிறிய தொண்டன்று. அவற்றைப் பாடநூலின் கீழிருந்து எடுத்து மேலே வைத்து, பக்கத்திலே உடையார்குடிக் கல்வெட்டின் செய்தியையும் 'சூளவம்ச'த்தின் அதிகாரத்தையும் வைத்தல் போதும். மூன்றும் ஒத்துச் செல்லும் இடம் எது, பிரியும் இடம் எது, பிரிந்தமைக்குக் காரணம் கலையா, பற்றா, வார இதழின் அவசரமா என மாணவர் தாமே வினவக் கற்பர். அவ்வாறு வினவியபின்னும் வந்தியத்தேவனின் குதிரைக் குளம்பொலி வீரநாராயண ஏரிக்கரையிலே முன்போலவே இனிதாக ஒலிக்கும். நல்ல கதை ஆராய்ச்சிக்கு அஞ்சுவதில்லை.