வழக்குரை காதையும் வாக்குமூலமும்

சிலப்பதிகாரத்தை ஊழின் காப்பியமாகக் காண்பார் பலர். அவ்வூழ் எவ்வழியாக வந்து உருத்தது என்று நோக்குவார்க்கு, அஃது ஆராயாத் தீர்ப்பின் காப்பியமாகவும் தோன்றும். இந்நோக்கில் கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் நம் காலத்து வழக்கு ஒன்றனோடு வைத்து ஈண்டு ஆராய்வாம்.

அவ்வழக்கு திருப்பெரும்புதூரில் பிறந்தது. இராமாநுசர் தோன்றிய ஊரென்றும், ஒரகடம் வரை தொடரும் தொழிற்சாலைகளின் ஊரென்றும் அறியப்படும் அவ்விடத்தில், 1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் இராசீவ் காந்தியும், காவலர் உள்ளிட்ட பிறர் பலரும் குண்டுவெடிப்பில் மாண்டனர். அக்கொடுமையில் ஐயமில்லை. கொடுமை பெரிதாகுமிடத்து விசாரணையின் காப்புகள் குறையலாமோ என்பதே வினா.

கோவலனைக் கண்ட காவலர் முதற்கண் தயங்கினர்; அவன் தோற்றம் கொலைக்குரியான் தோற்றமாக அவர்களுக்குப் படவில்லை. அத்தயக்கத்தைப் பொற்கொல்லன் எவ்வாறு நீக்கினான்? கோவலன் செய்ததாக ஒன்றையும் அவன் மெய்ப்பிக்கவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டினை விரித்து, அத்தகையோரை இயல்பான கண்ணாற் காண இயலாது என்றான். குற்றவாளி வியத்தகு ஆற்றலன். ஆதலின் இயல்பான முறை போதாது என்பதே அவன் வாதம். சிறப்புச் சட்டங்கள் யாவும் இவ்வாதத்தின்மேலேயே எழுகின்றன.

காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்திற்குச் சான்றாகாது என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்த காப்பு. 1987ஆம் ஆண்டின் தடாச் சட்டம் தன் 15ஆம் பிரிவால் அதனை நீக்கி, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்த வாக்குமூலத்தைச் சான்றாக்கியது. உச்ச நீதிமன்றமும் 1994இல் அப்பிரிவு செல்லும் என்றது. பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றம் 1998 சனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வர்க்கே அதனை உறுதி செய்தது. மூவர்க்கு ஆயுள் தண்டனையாக்கி, 19 பேரை விடுவித்தது. நிகழ்ந்தது தடாச் சட்டம் கூறும் பயங்கரவாதச் செயலன்று என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. எனினும் அச்சட்டத்தின்கீழ்ப் பெற்ற வாக்குமூலங்கள் சான்றாக நின்றன. மரம் வீழ்ந்தும் கனி விலக்கப்படவில்லை.

அந்நால்வருள் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது அகவை 19. ஒன்பது வோல்ட் மின்கலங்கள் இரண்டு வாங்கித் தந்தார் என்பது அவர்மேற் சார்த்தப்பட்ட செயல்களுள் தலையாயது. அவை எதற்கென்று தாம் அறியேன் என அவர் கூறியதைத் தாம் எழுதாது விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே பணி ஓய்வுற்றபின் 2013இல் வெளிப்படையாகக் கூறினார்.

இளங்கோவடிகள் காட்டும் நுட்பம் இங்கு விளங்கும். கோவலன் கையில் சிலம்பு இருந்தது மெய். அஃது எவ்வாறு வந்தது என்பது கேட்கப்படவில்லை. இங்கு மின்கலம் வாங்கியது கூறப்பட்டது. அறிந்து வாங்கினாரா என்பதற்குரிய விடை எழுதப்படவில்லை. பொருள் சான்றாயிற்று, அறிவு சான்றின் புறத்தே நின்றது. ஏடு பெயர்த்தெழுதுவோன் ஓர் அடியை விட்டால் பாடம் பிழைபடும் என்பதைப் பதிப்பாசிரியர் அறிவர். பிறர் கூற்றைத் தாம் எழுதும் கை எதுவாயினும், அப்பாடம் ஆராய்தற்குரியதே.

வேற்றுமையும் மறைத்தற்குரியதன்று. கோவலனுக்கு மன்றமே இல்லை. இவர்களுக்கு மேல்முறையீடு வரை வழக்கு நடந்தது. வழக்குரை காதையில் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது கோவலன் உயிரோடில்லை. பேரறிவாளனின் மரண தண்டனை 2014இல் ஆயுள் தண்டனையாயிற்று. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவ்விடுதலை அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் வழங்கப்பட்டதேயன்றி, குற்றமற்றவர் என்ற தீர்ப்பன்று. சிறையிற் கழிந்த முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தை எத்தீர்ப்பும் மீட்டுத் தாராது.

தடாச் சட்டம் 1995இல் காலாவதியாயிற்று. 2002இல் வந்த பொடாச் சட்டம் காவலர் வாக்குமூலத்தை மீண்டும் சான்றாக்கி, 2004இல் நீக்கப்பட்டது. இன்று வழங்கும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் அப்பிரிவு இல்லை. எனினும் பிணை பெறுதலை அருமையாக்கும் பிரிவு உண்டு. பொற்கொல்லன் வாதம் வடிவு மாறி வாழ்கின்றது என்க. அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்னும் காப்பிய உண்மை, தீர்ப்புக்குப் பின் புலம்புதற்கு அன்று. தீர்ப்புக்கு முன் வினவுதற்கே நமக்கு வைக்கப்பட்டது.