விவிலியத்தில் அந்நியரும் உடன்படிக்கையும்: தமிழ் மொழிபெயர்ப்பை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

புறத்தாரோடு கொள்ளும் உறவு குறித்து விவிலியம் முரணான கட்டளைகளைத் தருகிறது என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. கானான் நாட்டு இனத்தாரோடு உடன்படிக்கையும் மணவுறவும் கூடா என உபாகமம் விலக்குகிறது (7:2,3). அந்நூலே அந்நியரிடம் அன்பு காட்டுமாறும் பணிக்கிறது (10:19). சாலொமோன் தீருவின் மன்னன் ஈராமோடு செய்த உடன்படிக்கை குறையின்றிப் பேசப்படுகிறது (1 இராஜாக்கள் 5:12). எகிப்தின் துணையை நாடியோரை ஏசாயா கடிந்துரைக்கிறார் (30:1,2). இம்முரண்களுள் மூலத்திற்கு உரியவை எவை, மொழிபெயர்ப்பால் விளைந்தவை எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஹென்றி பவர் முதன்மையாகப் பணியாற்றி 1871இல் முழுமையாக வெளிவந்த தமிழ் வேதாகமம் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. ஆய்வு முடிவைப் பொருத்திப் பார்க்க, 1779இல் மைசூர் நாட்டிற்குத் தூது சென்ற சுவார்ட்சு ஐயரின் வரலாறு சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஒரு சொல்லும் இரு பொருளும்

எபிரேய மூலம் புறத்தாரை ஒரே சொல்லால் குறிக்கவில்லை. 'கேர்' என்பவன் பிறந்த மண்ணை விட்டு வந்து, இசுரயேலரிடையே நிலமின்றிக் குடியிருப்பவன். கைம்பெண்ணோடும் திக்கற்ற பிள்ளையோடும் சேர்த்து எண்ணப்படுபவன். 'நொக்ரி' என்பவன் வேற்று நாட்டைச் சார்ந்தவன். வணிகத்தின் பொருட்டோ பிறவற்றின் பொருட்டோ வந்து செல்பவன். அன்பு காட்டுமாறு பணிக்கும் இடத்தில் மூலம் 'கேர்' என்கிறது. வட்டி வாங்கலாம் எனும் இடத்தில் (உபா. 23:20) 'நொக்ரி' என்கிறது. தமிழில் இரண்டும் 'அந்நியன்' என்றே பெயர்க்கப்பட்டுள்ளன. ஆதலின், அன்புக்குரியவனும் வட்டிக்குரியவனும் ஒருவனே எனத் தமிழ் வாசகர் கொள்ள நேர்கிறது.

இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர்கள் அறியாதவர் அல்லர். இரு சொற்களும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வரும் இடத்தில் (உபா. 14:21) முன்னதைப் 'பரதேசி' என்றும் பின்னதை 'அந்நியன்' என்றும் பிரித்துப் பெயர்த்துள்ளனர். அப்பகுப்பு நூல் முழுவதும் பேணப்படாமையே குழப்பத்திற்குக் காரணம் எனலாம். இன்று 'பரதேசி' வசைச்சொல்லாகத் திரிந்துவிட்டமையால் அச்சொல்லை மீட்பதும் எளிதன்று.

புதிய ஏற்பாட்டிலும் இந்நிலையைக் காணமுடிகிறது. அவிசுவாசிகளோடு பிணைப்புக் கூடாது எனப் பவுல் கூறுமிடத்தில் (2 கொரிந்தியர் 6:14) வரும் கிரேக்கச் சொல், வேறு வகையான விலங்குகளை ஒரு நுகத்தில் பூட்டுதலைக் குறிப்பது. எருதையும் கழுதையையும் பிணைத்து உழலாகாது என்னும் விதி (உபா. 22:10) இதன் பின்புலம். நடை ஒவ்வாத இரண்டைப் பூட்டினால் ஏரும் ஓடாது. எளிய விலங்கும் வருந்தும். தமிழில் அமைந்த 'அந்நிய நுகம்' என்னும் தொடர், பொருந்தாமை என்ற கருத்தைப் பின்னுக்குத் தள்ளி, அயலார் என்ற கருத்தை முன்னிறுத்துகிறது. அவிசுவாசியான துணை உடன் வாழ இசைந்தால் தள்ளிவிடலாகாது என அதே பவுல் கூறுவதும் (1 கொரி. 7:12,13) இங்கு நோக்கத்தக்கது.

தீராத முரண்

எல்லா முரண்களும் சொல்லாய்வால் தீர்ந்துவிடுவன அல்ல. தன்னை அந்நிய தேசத்தாள் எனக் கூறிக்கொள்ளும் மோவாபியப் பெண்ணாகிய ரூத் (2:10), தாவீதின் வழிமுதல்வியாகப் போற்றப்படுகிறாள். எஸ்றா நூலிலோ வேற்றினத்து மனைவியர் பிள்ளைகளோடு விலக்கப்படுகின்றனர் (10:3). இவ்விரு நூல்களிலும் 'நொக்ரி' என்பதன் பெண்பாற் சொல்லே பயில்கிறது. எனவே இது மூலத்திலேயே உள்ள கருத்து மோதல். இதை மொழிபெயர்ப்பின் மேல் ஏற்றிவிடுதல் பொருந்தாது.

ஆயின், செய்த உடன்படிக்கையை மீறலாமா என்னும் வினாவில் விவிலியம் உறுதியான நிலைப்பாட்டைக் கொண்டுள்ளது. கிபியோனியர் ஏமாற்றிப் பெற்ற உடன்படிக்கையைக்கூட யோசுவா காக்கிறான் (யோசுவா 9). பின்னாளில் சவுல் அதை மீறியதால் மூன்றாண்டுப் பஞ்சம் நேர்ந்ததாகச் சாமுவேல் நூல் கூறுகிறது (2 சாமு. 21:1). பாபிலோன் மன்னனுக்குத் தந்த ஆணையைச் சிதேக்கியா மீறியதை, கடவுளுக்கே செய்த துரோகமாக எசேக்கியேல் காட்டுகிறார் (17:18,19). உடன்பட்டவன் புறத்தான் என்பது வாக்குத் தவறுவதற்குக் காரணமாக ஏற்கப்படவில்லை.

சுவார்ட்சின் தூது

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்சு (1726–1798) தமிழகத்தில் தொண்டாற்றிய செர்மானிய லுத்தரன் போதகர். 1779இல் சென்னை ஆளுநர் தாமசு ரம்போல்டின் வேண்டுகோளை ஏற்று ஐதர் அலியிடம் தூது சென்றார். கசலட்டிக் கணவாய் வழியே மலையேறி, மைசூர் மேட்டுநிலத்தைக் கடந்து சீரங்கப்பட்டணம் அடைந்தார். அம்மேட்டுநிலத்தின் தென்பகுதி இன்று சாமராசநகர் மாவட்டமாக உள்ளது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த குண்டலுபேட்டை அதன் மேற்கே உதகை, வயநாட்டுச் சாலைகள் பிரியுமிடத்தில் அமைந்துள்ளது. தமிழும் கன்னடமும் மலையாளமும் கலக்கும் இவ்வெல்லை நிலத்தில் யார் அந்நியர் என்பது எளிதில் விடை காணக்கூடிய வினாவன்று.

குருதி சிந்துவதைத் தடுத்தலைத் தம் பயணத்திற்கான காரணங்களுள் ஒன்றாகச் சுவார்ட்சு குறித்துள்ளார். இசுலாமிய மன்னரோடு உறவு நாடுதல் தம் சமயத்திற்கு மாறு என அவர் கருதவில்லை. ஐதரோ ஐரோப்பியர் வாக்குத் தவறியதைச் சுட்டிக்காட்டி, ஆயினும் அமைதியை விரும்புவதாகக் கூறினார். 1769இல் செய்த உடன்படிக்கையின்படி மராத்தியர் படையெடுப்பின்போது ஆங்கிலேயர் உதவவில்லை என்பதும், 1779இல் அவர் எதிர்ப்பையும் மீறி மாகியைக் கைப்பற்றினர் என்பதும் வரலாறு. 1780இல் போர் மூண்டது. அப்போரின் நடுவிலும் சுவார்ட்சு தடையின்றி நடமாட ஐதர் இசைவளித்தார். தூதுவரின் வாய்மை மதிக்கப்பட்டது. அவரை அனுப்பியவர்களின் வாக்கு மதிப்பிழந்தது. கிபியோனியர் கதை கிறித்தவ அரசுக்கு எதிரான சான்றாக நிற்பதை இங்குக் காணலாம்.

முடிவுரை

அந்நியர் குறித்த விவிலிய முரண்களில் ஒரு பகுதி, 'கேர்', 'நொக்ரி' ஆகிய இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கியதால் விளைந்தது. எஸ்றா, ரூத் நூல்களிடையே உள்ள முரண் மூலத்திற்கே உரியது. யாரோடு உறவு கொள்வது என்பதில் மாறுபடும் விவிலியம், கொண்ட உறவில் வாக்குத் தவறாமையை வற்புறுத்துவதில் மாறுபடவில்லை. விலக்கும் வசனங்களை மட்டும் எடுத்தோதி அண்டையில் வாழ்வோரை ஒதுக்குவது மூலத்தோடு பொருந்தாது. இனிவரும் தமிழ் மொழிபெயர்ப்புகள் குடியேறியவனையும் வேற்று நாட்டவனையும் தனித்தனிச் சொற்களால் சுட்டுமாயின், அன்பு காட்டும் கட்டளை யாரைக் குறித்தது என்பது தமிழ் வாசகருக்கு ஐயமின்றிப் புலனாகும்.